பிடிப்பது வேறு, தேடுவது வேறு

குடிக்கான சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பத்தாம் நாள் காலை, மூலக்குளத்தில் நான் வழக்கமாகக் குடிக்கும் கடையில் நின்றுகொண்டிருந்தேன். தண்ணீர் கேன் ஏற்றிய வண்டியை எப்போது ஓரங்கட்டினேன், எப்போது இறங்கினேன், எதுவும் நினைவில்லை. கடைக்காரர் கேட்காமலே என் குவார்ட்டரை எடுத்து வைத்தார். அதைத் தொட்ட பிறகுதான் சுயநினைவு வந்தது.

“வேணாண்ணா, உள்ள வெச்சிடு.”

“இன்னா, உடம்பு சரியில்லியா?”

பதில் சொன்னால் பேச்சு வளரும். திரும்பிப் பார்க்காமல் வந்து, வண்டியை நேராக எனக்குச் சிகிச்சை தந்த மருத்துவமனைக்கு விட்டேன்.

“எனக்கு அது பிடிக்கவே இல்லீங்க. கடைசி வருஷமெல்லாம் வெறும் வாந்திதான். அப்புறம் ஏன் கால் அங்கயே போவுது?” என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

“பிடிக்கிறது வேற, தேடுறது வேற. மூளையில டோபமைன்னு ஒண்ணு சுரக்குது. குடிச்ச பிறகு மட்டுமில்ல, கிடைக்கப்போகுதுன்னு தெரிஞ்சாலே கிளம்பிடும். அந்தக் கடை போர்டு, அந்தத் திருப்பம், எல்லாம் அதுக்கு மனப்பாடம். நீங்க யோசிக்கிறதுக்குள்ள இழுத்துடும்.”

“அப்போ என் கையில ஒண்ணும் இல்லியா?”

“இன்னைக்கு பாட்டிலைத் திருப்பிக் குடுத்தது யாரு? அந்த வேகம் கொஞ்ச நேரத்துல அடங்கும். அதுவரைக்கும் தனியா இருக்காதீங்க.”

அன்றே முதலாளியிடம் கேட்டு, ஊருக்கு வடக்கே கேன் போடும் கனகசெட்டிக்குளம் லைனுக்கு மாறினேன். மனைவி சிரித்துவிட்டாள். “பாண்டில கடை இல்லாத ரோடு எங்கய்யா இருக்குது?”

உண்மைதான். ஆனால் அந்தப் பக்கத்துக் கடைகளில் நான் ஒருநாளும் குடித்ததில்லை.

புது லைனில் மூன்றாம் வாரம், வழியில் பிள்ளைச்சாவடியில் யாரோ நெத்திலி வறுத்தார்கள். குடிக்கும்போது நான் எப்போதும் தொட்டுக்கொண்டது அதுதான். வாய் ஊறியது, உடம்பு வியர்த்தது. வண்டியை நிறுத்தி மனைவியைப் போனில் கூப்பிட்டேன். அவள் தையல் கம்பெனியில் வேலையாக இருந்தாள். குரலிலேயே புரிந்துகொண்டாள்.

“எதிர்ல இன்னா தெரியுது, சொல்லு.”

“வலை காயுது. ஒரு நாய் படுத்திருக்கு.”

“நாயி இன்னா கலரு?”

“செவலை. ஒரு காது மடிஞ்சிருக்கு.”

பின்னால் சூப்பர்வைசர் அதட்டுவது கேட்டது. அவள் போனை வைக்கவில்லை. படகு, தென்னை, போகிற பஸ் என்று கால் மணி நேரம் சொல்லிக்கொண்டே இருந்தேன். பிறகு அடுத்த வீட்டில் கேன் இறக்கினேன்.

குடியை விட்டு இது மூன்றாவது வருடம். ஆசை இன்னும் வருகிறது. வந்தால் அவளைக் கூப்பிடுவேன், வெட்கப்படுவதில்லை. நேற்று அவள் போனை எடுப்பதற்குள்ளேயே அடங்கிவிட்டது. இருந்தாலும் பேசினோம்.