வெறும் டியூப்பும் பச்சையாக நின்ற நாள்

ஆயுத பூஜை முடிந்து லேப் திறந்த காலை, ஏழு வயதுப் பெண் குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் என்று எங்கள் ஓசூர் லேபிலிருந்து ரிப்போர்ட் போக இருந்தது.

எங்கள் பிரிவில் வேலை இதுதான். வெள்ளை அணுக்களின் மேற்பரப்பில் மார்க்கர்கள், அதாவது அடையாளப் புரதங்கள், இருக்கும். ஒவ்வொரு மார்க்கரையும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி, ஒளிரும் சாயத்தோடு வரும். அதை ரத்தத்தில் கலந்து, பஃபர் என்ற உப்புக் கரைசலில் கழுவி, ஃப்ளோ சைட்டோமீட்டர் மெஷினில் ஓட்டினால், ஆன்டிபாடி ஒட்டிய அணு லேசர் பட்டதும் ஒளிரும்.

அன்று சிடி 34க்குப் பச்சைச் சாயம். அது முதிராத அணுக்களின் மார்க்கர். ரத்தத்தில் அரிதாகத்தான் தென்பட வேண்டும். திரையிலோ அத்தனை அணுவும் பச்சை. பார்த்தால் ரத்தப் புற்றுநோய் என்றே தோன்றும்.

குழந்தைக்குக் கழுத்தில் நெறி கட்டியிருந்தது. அவள் அப்பா சூளகிரிப் பக்கம் கம்பெனியில் வேலை பார்ப்பவர், யூனிஃபார்மோடு வெளியே உட்கார்ந்திருந்தார். "பெங்களூருக்குக் கூட்டினு போயிரட்டுமா மேடம்? வண்டி சொல்லி வெச்சிருக்கேன்" என்றார்.

எங்கள் லேப் டாக்டருக்கும் பதற்றம். "தெளிவாத்தானேம்மா இருக்குது? ரிப்போர்ட் போட்றலாமா?"

"வெறும் டியூப் ஓட்டாம ஒண்ணும் போட முடியாது டாக்டர். கோவிச்சுக்காதீங்க" என்றேன். கோபத்தில் இருந்தது நான்தான். அதே ரத்தம், அதே கழுவல், ஆன்டிபாடி மட்டும் கிடையாது; அதுதான் வெறும் டியூப். அது ஒளிரவே கூடாது. அவசர சாம்பிள் என்று அதைக் கடைசிக்குத் தள்ளியிருந்தார்கள்.

ஓட்டினேன். அதுவும் பச்சை.

சாயமே போடாதது எப்படி ஒளிரும்? மெஷினைச் சோதித்தேன், ஒரு குறையும் இல்லை. மிச்சம் இருந்தது பஃபர். பாட்டிலை எடுத்தேன். மூடியில் மஞ்சள், நடுவில் குங்குமம். திறந்தால் மரையெல்லாம் மஞ்சள், உள்ளேயும் விழுந்து கரைந்திருந்தது.

"மஞ்சுளா, இங்க வா."

மஞ்சுளா பாகலூர்க்காரி, எங்கள் டெக்னீசியன். வீட்டில் கன்னடம், எங்களோடு தமிழ். பூஜை அவள் பொறுப்பு. "மெஷினுக்கு மட்டும் பொட்டு வெச்சா பஃபரு பாவம் இல்லியாக்கா? அதுவும் தெனம் ஒழைக்குதே" என்றாள்.

"மகராசி, மஞ்சளும் லேசர்ல பச்சையாத்தான் ஒளிரும். அத்தனை அணுவுக்கும் பொட்டு வெச்சு உட்டிருக்க."

டாக்டர் சிரித்துவிட்டார். மஞ்சுளா அழுதுவிட்டாள்.

புது பாட்டில் திறந்து முதலிலிருந்து செய்தோம். வெறும் டியூப் இருட்டாக நின்றது. சிடி 34 தேடினாலும் கிடைக்கவில்லை. மற்ற மார்க்கர்களும் ஒழுங்காக இருந்தன. டாக்டரே வெளியே போய், "ரத்தத்துல கேன்சர் இல்லீங்க. ஏதோ இன்ஃபெக்‌ஷன்தான், மருந்துல சரியாயிரும்" என்றார். அந்த மனிதர் போனை எடுத்து, "வண்டி வேணாம்பா" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். வெறும் டியூப்பை முதலில் ஓட்டுங்கள். அவசரம் என்று யாராவது கத்தினால், கட்டாயம் ஓட்டுங்கள்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அந்தக் குழந்தையின் அப்பா மகளோடு வந்தார். கையில் தட்டு, பொரி, வாழைப்பழம், மெஷினுக்கு வைக்க மஞ்சள், குங்குமம். மஞ்சுளா ஓடிப்போய் வாசலை மறித்துக்கொண்டாள்.

"பொரி குடுங்கண்ணா. பாப்பா உள்ள வரட்டும். மஞ்ச மட்டும் வெளியவே இருக்கட்டும்."