காலையில் கூட்டிய வேகம்

மூன்றாம் ஆண்டு டிசைன் பாடத்துக்காக எங்கள் கல்லூரியில் ரோபோ போட்டி வைத்தார்கள். ரோபோ தானாகவே பலகைச் சரிவில் ஏறி, உச்சியில் இருக்கும் கூடையில் பந்தைப் போட வேண்டும். ஒரு குழுவுக்கு இரண்டு வாய்ப்பு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிஷம். எங்கள் குழுவில் மூன்று பேர். பாகங்களைப் பூட்டுவதும் வயரிங்கும் என் வேலை. புரோகிராம் எழுதியவன் கடையநல்லூர்க்காரன். மூன்றாமவன் போட்டியன்று காலை ஐந்தருவியில் குளித்துக்கொண்டிருந்தான். வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருக்கிறார்களாம். ஈரத்தலையோடு எடுத்த செல்ஃபி மட்டும் வாட்ஸப்பில் வந்தது, கீழே "ஆல் தி பெஸ்ட்".

முந்தின நாள் சாயங்காலம் ரோபோ பத்துத் தடவைக்கு மேல் ஒழுங்காகப் பந்தைப் போட்டிருந்தது. "இனி இதுல யாரும் கை வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் ஆய்க்குடி பஸ் ஏறினேன்.

முதல் வாய்ப்பு. சுவிட்சைப் போட்டேன். ரோபோ சரிவில் பாய்ந்து ஏறி, உச்சியில் நிற்காமல் அந்தப் பக்கம் குப்புற விழுந்தது. பந்து நடுவரின் காலடிக்கு உருண்டது. ஹாலே சிரித்தது.

"ஏலே, என்னத்தலே செஞ்ச?" என்று கடையநல்லூர்க்காரனைக் கேட்டேன்.

"காலைல ஸ்பீடைக் கொஞ்சம் கூட்டுனேன். மத்த டீமெல்லாம் வேகமாப் போவுதுல்லா."

"பழைய புரோகிராமைப் போடு."

அவன் லேப்டாப்பையே பார்த்தான். "அதுக்கு மேலயே சேவ் பண்ணிட்டேன்."

கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன். அது கையில் இருப்பது நல்லதில்லை என்று பட்டது. ரோபோவின் வளைந்துபோன கையை நான் நிமிர்த்த, அவன் ஞாபகத்திலிருந்து பழைய வேக எண்களை அடித்தான். "நூத்தி இருவதா, நூத்தி முப்பதா?" என்று என்னிடமே கேட்டான்!

இரண்டாவது முறை ரோபோ மெல்ல ஏறியது. மெல்ல என்றால் அப்படி ஒரு மெல்ல. கை நீண்டு, கூடைக்கு மேலே வந்து நின்றது. விசில் ஊதினார்கள். அப்புறம்தான் பந்து விழுந்தது.

"டைம் முடிஞ்சிட்டும்மா" என்றார் நடுவர்.

எங்கள் பேராசிரியர் வந்தார். "நேத்து நல்லா ஓடுச்சே, என்னாச்சு?"

நான் வாயைத் திறக்குமுன் அவன் சொன்னான்: "நாந்தான் சார் மாத்துனேன். இவகிட்ட கேக்கல."

அத்தோடு கோபம் தணிந்திருக்க வேண்டும். தணியவில்லை. இனி அவனை நாலு வார்த்தை திட்டவும் முடியாதே என்று எரிச்சல் இன்னும் கூடியது.

அடுத்த வாரம் இறுதியாண்டு புராஜெக்ட் லிஸ்ட் ஒட்டினார்கள். ரெஜிஸ்டர் நம்பர் வரிசைப்படி பிரித்ததில் அதே மூன்று பேர். பின்னாலிருந்து எட்டிப் பார்த்த கடையநல்லூர்க்காரன், "நல்லவேளை, தெரிஞ்ச ஆளுவ" என்றான்.

நான் நேரே துறைத் தலைவர் அறைக்கு நடந்தேன். மாற்ற முடியாது என்றார்.