தண்டுக்குள் போகாத ஒலி

திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிகள் நிற்கும் பட்டறை ஒன்று. அன்று சத்தீஸ்கருக்குப் புறப்படவிருந்த வண்டியில், துளையிடும்போது நிமிர்த்துகிற கோபுரத்தைத் தாங்கும் கீலுக்குள் மணிக்கட்டுப் பருமனில் ஒரு இரும்புத் தண்டு. அதற்குள் விரிசல் உண்டா என்று மீயொலிக் கருவி வைத்துப் பார்ப்பது என் வேலை. படித்து வந்த வேலையில்லை. பார்த்தும் கேட்டும் கெட்டும் வந்தது. காலையில் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லைங்க" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்தேன். அந்த வண்டியில் துளை போடுகிறவர் என் அக்காள் வீட்டுக்காரர். கோபுரம் எழும்பினால் அதனடியில் நிற்பவர் அவர்தான்.

கடைவீதியில் தோசைக்கு உட்கார்ந்தபடி கருவியின் முனையைத் துணியால் துடைத்தேன். அதன் பிளாஸ்டிக் முகமெல்லாம் புதுக் கீறல், கரடான இரும்பில் உரசினதுபோல். துடைத்த கை அப்படியே நின்றது.

தண்டின் முகத்தில்தான் அதை வைத்து அழுத்தியிருந்தேன். வருடக்கணக்காகச் சம்மட்டி அடி வாங்கி, கொத்தின அம்மிபோல ஆகியிருந்த முகம். அந்த மேடுபள்ளத்தில் ஒலி நேராக இறங்காது, சிதறிப்போகும். திரையெங்கும் புல் முளைத்தமாதிரி இரைச்சல். நானோ, ரேடியோவைச் சின்னதாக்குவதுபோல் கருவியின் உணர்திறனைக் குறைத்தேன். திரை சுத்தமானது. உடனே இரும்பும் சுத்தம் என்றுவிட்டேன். தண்டின் மறுகோடியில் பட்டுத் திரும்பவேண்டிய எதிரொலிகூட வரவில்லையே! அது வந்தால்தானே ஒலி உள்ளே போய்வந்தது என்று அர்த்தம்?

மச்சானுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. வண்டி புறப்படுமுன் பூஜை போட்டு, அது முடிந்ததும் கோபுரத்தை ஒருமுறை தூக்கிப் பார்ப்பது அவர்கள் வழக்கம். பைக்கைப் பட்டறைக்கு விரட்டினேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். வழியில் ஓர் ஆம்புலன்ஸ் என்னை முந்திப் போனது. ஆக்சிலரேட்டரை இன்னும் முறுக்கினேன்.

கோபுரம் இன்னும் படுத்துத்தான் இருந்தது. மச்சான் வண்டியின் பின்னால், அது நிமிரும் இடத்திலேயே நின்று சூடம் காட்டிக்கொண்டிருந்தார்.

"தூக்காதீங்க!"

"என்ன மாப்ளே, பேயடிச்சவனாட்டம்? சக்கரைப் பொங்கல் தீந்துருமுன்னு ஓடியாறயா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் நேராகத் தண்டிடம் போனேன்.

"கிரைண்டர் கொண்டாங்க. தண்டு மொகத்தத் தேய்க்கோணும்."

"ஏனுங்க, நல்ல நேரம் போவுதுங்க" என்றார் முதலாளி.

"போனாப் போவுதுங்க."

விரல் வழுக்கும்வரை தேய்த்தோம். எண்ணெய் தடவி முனையை வைத்தேன். திரையின் கடைசியில் மறுகோடி எதிரொலி எழுந்து நின்றது. அதற்கு முன்னால், பாதித் தூரத்தில், இன்னொன்று. எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தேன். அது போகவில்லை. விரிசல்தான்.

"காலைல ஒண்ணுமில்லைன்னீங்களே?" என்றார் முதலாளி.

"காலைல ஒலி உள்ளயே போகலைங்க. அத நான் கவனிக்கலைங்க. தப்பு என்னுதுதான்."

மச்சான் தண்டைப் பார்த்தார். பிறகு தான் நின்றிருந்த இடத்தைப் பார்த்தார்.

"மாப்ளே, உங்கக்காகிட்டச் சொல்லீராதே" என்றார், மிக மெதுவாக.