இரண்டு விரலுக்கு ஒரு கிளட்ச்

அமாவாசை அன்று எங்கள் தெருவில் தறி ஓடாது. மற்ற நாளெல்லாம் விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை தடக் தடக் என்று கேட்டுக்கொண்டே இருக்கும் சத்தம் அன்றைக்கு நின்றுவிடும். காதில் பஞ்சு வைத்த மாதிரி இருக்கும். அந்த அமைதியில்தான் என் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளை வெளியே தள்ளிக்கொண்டு வருவார். நான் பின்னால் ஒருபக்கமாக உட்காருவேன். தென்னேரி வரைக்கும் போய் ஏரிக்கரையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவோம். மாதத்தில் நான் ஊரைத் தாண்டுவது அந்த ஒருநாள்தான்.

போகும்போது கண்ணை மூடிக்கொள்வேன். பயத்தினால் என்று அவர் நினைத்தார். பயமில்லை. கண்ணை மூடினால் வண்டி போகிறது என்றே தோன்றாது, ஊர்தான் பின்னால் நழுவுகிற மாதிரி இருக்கும். முதலில் வயல் ஈரம் முகத்தில் படும். அப்புறம் வைக்கோல் வாசனை. அப்புறம் தண்ணீர் வாசனை. அது வந்ததும் கண்ணைத் திறப்பேன். எதிரில் ஏரி, அக்கரை தெரியாமல் கிடக்கும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்குச் சொல்ல வராது. ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்தும் எழுந்து நின்று அழுதவள் நான். அதோடு படிப்பும் நின்றது.

அவருக்குப் பிழைப்பே அந்த வண்டியில்தான். சுற்று ஊர்களில் நெய்கிறவர்களுக்குப் பட்டு நூல் கொண்டுபோய்க் கொடுப்பார், நெய்து முடித்த சேலையை வாங்கி வருவார். ஒரு மழைக்காலத்தில், தறியில் பாவு சுற்றுகிற கட்டையைத் தூக்கி மாட்டும்போது அது நழுவி அவர் இடது கைமேல் விழுந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கவில்லை, குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றுவிட்டன. சாப்பிடுவது வலது கையில், எழுதுவது வலது கையில். கிளட்ச் மட்டும் இடது கையில். கியர் மாற்ற, கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் லீவர் கம்பியை முழுக்க இழுத்தாக வேண்டும். இரண்டு விரலால் இழுத்து இழுத்து, வீட்டுக்கு வந்ததும் கையைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

என்னால் பார்க்க முடியவில்லை. எங்கள் வீட்டில் கையை உறுத்துகிற எதற்கும் நூல் சுற்றிவிடுவோம். அரிவாள்மணைக் கட்டை, வாளிப் பிடி, எல்லாவற்றுக்கும். அறுந்த பட்டு நூல்தான் வீடு நிறையக் கிடக்குமே. அவர் தூங்கின ஒரு மத்தியானம், அரக்கு நிற நூலை எடுத்து அந்தக் கிளட்ச் கம்பியைச் சுற்றிச் சுற்றி நெருக்கமாகக் கட்டினேன். இரும்பு வழுக்கக் கூடாது, விரலுக்கு எட்டவும் வேண்டும் என்று கனமாகவே சுற்றினேன். பார்க்க அழகாக இருந்தது. எழுந்து வந்து பார்த்தவர் சிரித்தார்.

மறுநாள் தேரடியில் வண்டியை நிறுத்தக் கிளட்ச்சைப் பிடித்திருக்கிறார். நூல் கனத்தினால் கம்பி பாதிக்குமேல் வரவில்லை. வண்டி நிற்காமல் ஒரு எகிறு எகிறிப் பூக்காரியின் கூடையில் போய் முட்டியது. யாருக்கும் அடியில்லை. முன்சக்கரம் முழுக்க மல்லிகைப் பூ.

"இன்னாபா, வண்டிக்குக் கல்யாணமா?" என்று அந்தப் பூக்காரி கேட்டாளாம்.

அன்று மாலையே என் மூத்தார், அவருடைய அண்ணன், வந்துவிட்டார். "கை போனதோட போவட்டும், கால் போறதுக்குள்ள வண்டியக் குடுத்துடு. ஏனாத்தூர்ல ஒருத்தன் கேட்டுக்கினே இருக்கறான். அமாவாசை கழிச்சு வந்து எடுத்துக்கினு போவட்டும். நீ பஸ்ஸுல போ."

இவர் சரியென்று தலையை ஆட்டினார். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். நூல் சுற்றியது நான் என்று இவர் கடைசி வரை சொல்லவில்லை. எனக்கு அடுப்புப் புகையில் அழ வசதியாக இருந்தது. வண்டி போனால் தென்னேரியும் போகும். ஒரு ஏரிக்காக ஒருத்தி அழுதாள் என்றால் ஊரில் சிரிப்பார்கள்.

அமாவாசை வந்தது. "கடைசியா ஒருதபா மெக்கானிக் பாய் கிட்ட காட்டிட்டு வரலாம். மாத்து லீவர் மெட்ராஸ்லேர்ந்து வந்திருக்குதாம். சரியானா தென்னேரி, இல்லாட்டி வீடு. வர்றியா?" என்றார். வண்டியை அவர் தள்ளிக்கொண்டு போக, நான் பத்தடி பின்னால் நடந்தேன். தறிச் சத்தம் இல்லாத தெருவில் சக்கரம் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. மாட்டை ஓட்டிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது, சந்தைக்கு.

பாய் ஒரு சாக்கை விரித்து இரண்டு ஜோடி லீவர்களை வைத்தார். "கம்பெனி சாமான் இல்ல அண்ணாத்தே, வெளி சாமான். ஆனா கெட்டி."

ஒரு ஜோடி நீளம், முகம் தெரிகிற பளபளப்பு. இன்னொன்று குட்டை, மங்கல். இவர் கை நேராகப் பளபளப்புக்குத்தான் போனது. பாய் மாட்டிக் கொடுத்தார். இவர் இழுத்துப் பார்த்து, "பேஷா இருக்குது" என்றார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது எனக்குத் தெரிந்தது. மடங்காத இரண்டு விரலும் கம்பிக்கும் பிடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நசுங்கின.

"குட்டைய வச்சுப் பாக்கலாமா?" என்றார் பாய்.

"நீளமானதுக்கே இந்தப் பாடு. குட்டையா இருந்தா எங்க இழுக்கறது?" என்றார் இவர்.

பாயும் குட்டையை அதே இடத்தில் பிடித்துப் பார்த்து, "ஆமா, கஷ்டம்தான்" என்று கீழே வைத்தார்.

நான் வேப்பமரத்தடியில் நின்று அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். நானும் தறியில் உட்கார்ந்தவள். மிதிக்கட்டையைக் கட்டியிருக்கிற முனைக்குப் பக்கத்தில் மிதித்தால் முழங்கால் விட்டுப்போகும். எட்டி நுனியில் மிதித்தால் பூ மாதிரி இறங்கும். இவருக்கு மடங்குகிற விரல் இரண்டும் கம்பியை அது மாட்டியிருக்கிற வேர்ப் பக்கத்தில் இழுக்கின்றன. நுனியெல்லாம் மடங்காத விரல்களுக்கு நேராக வீணாகக் கிடக்கிறது.

பாய் சாக்கைச் சுருட்ட ஆரம்பித்தார். எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை, பக்கத்தில் போய் நின்றேன்.

"பாய்... அந்தச் சின்னத மாட்டி, அத்தப் புடிச்சிருக்கற கவ்விய உள்ள தள்ளுங்க. நுனி இந்த ரெண்டு விரலுக்கு நேரா வரட்டும்."

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. பாய் என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "பெருசையே தள்ளிடலாமே தங்கச்சி?"

"அவ்ளோ எடம் இல்லீங்களே. அங்க ஹேண்டில் வளையுது."

பாய் ஸ்பேனரை எடுத்தார். லீவரைப் பிடித்திருக்கும் கவ்வியைத் தளர்த்தி நான்கு விரற்கடை உள்ளே நகர்த்தி, குட்டை லீவரை மாட்டினார். கேபிள் முனையில் இருக்கும் உருண்டையைக் குழியில் உட்காரவைத்து, திருகைத் திருப்பி இழுவையைச் சரிபார்த்தார். கடைசியில் கம்பியின் வேரில் ஒரு காசு நுழைகிற இடைவெளி விட்டார். அது இல்லாவிட்டால் கிளட்ச் தேய்ந்துவிடுமாம்.

இவர் பிடித்தார். கம்பி முழுக்க உள்ளே வந்து பிடியில் ஒட்டியது. நீட்டிக்கொண்டிருந்த இரண்டு விரலும் வெளியே சும்மா காற்று வாங்கின. மறுபடி பிடித்தார். மறுபடி. விளையாட்டுச் சாமான் கிடைத்த குழந்தை மாதிரி.

"பிரேக்குக்கும் ஜோடிய மாட்டிடு பாய், ஒரு பக்கம் மட்டும்னா மூஞ்சி கோணிக்கும்" என்றவர், மாட்டி முடித்ததும் தள்ளி நின்று பார்த்தார். "கொம்பு வெட்டுன மாடு மாதிரி இருக்குது."

"கொம்பு இன்னாத்துக்கு? வூட்ல தங்கச்சி இருக்குதே" என்றார் பாய். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

வழக்கம்போல ஒருபக்கமாக உட்கார்ந்து கண்ணை மூடினேன். வண்டி கிளம்பும்போது எப்போதும் ஒரு வெட்டு வெட்டும், அதற்காகச் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக் காத்திருந்தேன். வெட்டு வரவில்லை. ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று கண்ணைத் திறந்தால், பாய் கடை தூரத்தில் சின்னதாகத் தெரிந்தது. வேப்பமரம் போய்க்கொண்டிருந்தது.

கொஞ்ச தூரம் போன பிறகு அவர் திரும்பாமலே சொன்னார்: "இன்னாமே, கல்யாணம் ஆயி இத்தினி வருசத்துல எங்கிட்ட அவ்ளோ பேசனதில்ல நீ. பாய் கிட்ட பேசற."

நான் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டேன்.

"நாளைக்கு ஏனாத்தூர்க்காரன் வந்தா யார் சொல்றது, வண்டி இல்லன்னு? நீ சொல்றியா?"

"நீங்களே சொல்லுங்க" என்றேன்.

அவர் சிரித்தது முதுகில் தெரிந்தது. மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன். வயல் ஈரம் வந்தது. வைக்கோல் வந்தது. தண்ணீருக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.