மைனஸ் மூன்று

என் கணவர் பாடுவார், நான் கீபோர்டு வாசிப்பேன். இருபத்தாறு வருடமாக இதுதான் எங்கள் பிழைப்பு. அருமனையில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஒரு வேனில் கீபோர்டு, ஸ்பீக்கர், மைக் ஸ்டாண்டு, அவருடைய வெந்நீர் பிளாஸ்க் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கல்யாணம் நடக்கிற இடத்துக்குப் போவோம். குளச்சலில் கத்தோலிக்கக் கல்யாணம், புதுக்கடையில் மண்டபத்து வரவேற்பு, மலையடிவாரத்தில் சின்ன சபையில் மோதிரம் மாற்றுதல், யார் கூப்பிட்டாலும் உண்டு. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் மட்டும் எங்கள் சபைகளில் கல்யாணம் கிடையாது. அந்த நாற்பது நாளில்தான் வயர்களைப் பிரித்து ஒட்டுவோம், ஒருவருக்கொருவர் ஆற அமரச் சண்டையும் போடுவோம்.

கல்யாணத்துக்கு வாசிக்கிறவள் கல்யாணங்களை நிறையப் பார்த்திருப்பாள் என்று ஊரில் நினைக்கிறார்கள். நான் பார்த்ததெல்லாம் மணப்பெண்களின் முதுகுதான். பெண் வாசலுக்கு வந்தபிறகு புடவை மடிப்பு கலைந்துவிடும். யாராவது அங்கிருந்து கையைச் சுழற்றுவார்கள். "இன்னும் கொஞ்சம் இழு" என்று அர்த்தம். நானும் நுழைவு இசையை ரப்பர்போல் இழுத்துக்கொண்டே இருப்பேன். எல்லாம் முடிந்து நாங்கள் சாப்பிட உட்காரும்போது பப்படம் நமுத்துப்போயிருக்கும், பாயசத்தில் அண்டிப்பருப்பை, அதுதான் முந்திரியை, முந்தின பந்திக்காரர்கள் தேடி எடுத்திருப்பார்கள். இதையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை. கொஞ்சம் குறையாகத்தான் சொல்கிறேன்.

என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல மனுஷன். சமையலில் உப்பு கூடினாலும் வாயைத் திறக்காமல் சாப்பிடுவார். ஆனால் தொண்டை விஷயத்தில் அவருக்கு இருக்கும் கர்வத்தைச் சுமக்க எங்கள் வேன் போதாது. பாடகர்கள் தங்கள் சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். இவருக்கு இரண்டு கட்டை. ஆண் குரலுக்கு அது நல்ல உயரம். மற்ற பாடகர்கள் ஒன்றிலும் ஒன்றரையிலும் பாடும்போது இவர் இரண்டில் நின்று பாடியவர். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்பு மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பார்.

"ரெண்டு கட்டைதானே?"

"ஆமா, ரெண்டு கட்டைதான்."

இந்தக் கேள்வியும் பதிலும் இல்லாமல் நாங்கள் ஒரு கல்யாணத்தையும் தொடங்கியதில்லை.

அவருக்கு ஐம்பது ஆகிற சமயத்தில் ஒரு வரவேற்பில் குரல் உடைந்தது. சரணத்தில் உச்சியில் நிற்க வேண்டிய இடம். சுரம் பாதியில் பிளந்து, ஏதோ கதவு திறந்ததுபோல் ஒரு சத்தம் வந்தது. முன்வரிசையில் இருந்த இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அவர் பாட்டை முடித்தார், மைக்கை வைத்தார், வேனில் ஏறினார். அதற்குப் பிறகு பத்து நாள் வீட்டில் பாட்டுச் சத்தமே இல்லை. குளியலறையில்கூட தண்ணீர் விழும் சத்தம் மட்டும்தான் கேட்டது. எனக்கு அது தாங்கவில்லை. சுருதியைக் குறைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். "அப்ப நான் பாட வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். அப்படி முடித்துவிட்டு அதன்பிறகு வாழவும் தெரியாத ஆள்.

கீபோர்டில் ஒரு பொத்தான் உண்டு. ஒருமுறை அழுத்தினால் மொத்தச் சுருதியும் அரைக் கட்டை இறங்கும். விரல்கள் அதே இடங்களில்தான் ஓடும், வருகிற சத்தம் மட்டும் தாழ்ந்துவிடும். சின்னத் திரையில் மைனஸ் ஒன்று என்று எழுத்து வரும். அடுத்த கல்யாணத்தில் நான் அதை அழுத்தினேன். பாட்டு நோட்டை எடுத்துத் திரைமேல் சாய்த்து வைத்தேன். அவர் திரும்பிப் பார்த்து, "ரெண்டு கட்டைதானே?" என்றார். "ஆமா" என்றேன். பைபிள் வைத்திருக்கிற இடத்திலிருந்து பத்தடி தூரத்தில் நின்றுகொண்டு சொன்ன பொய்.

அன்று உச்சியை அழகாகப் பிடித்தார். திரும்பி வரும்போது வேனில் முகம் பூரித்துக் கிடந்தது.

"கேட்டியா பிள்ளே, தொண்டை திரும்பி வந்துட்டு. நீ போட்டுத் தந்த கஷாயமாக்கும் காரியம்."

மிளகும் திப்பிலியும் தட்டிப் போட்ட சாதாரணக் கஷாயம். அதன் புகழை அவர் மாவட்டத்துப் பாடகர்கள் எல்லாருக்கும் பரப்பினார். இரண்டு பேர் வீட்டுக்கே வந்து அளவு கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். நான் அடுப்படியில் நின்று திப்பிலி இவ்வளவு, மிளகு இவ்வளவு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு வருடத்தில் மைனஸ் இரண்டு ஆனது. அதற்கும் பிறகு மைனஸ் மூன்று. ஏழெட்டு வருடம் இந்த ரகசியத்தை ஒற்றை ஆளாகச் சுமந்தேன். கரண்டு போய்த் திரும்ப வந்தால் கீபோர்டு பழைய சுருதிக்கே போய்விடும். ஜெனரேட்டர் உறுமி விளக்கு எரிகிற அந்த நிமிஷத்தில் எல்லாரும் கூரையைப் பார்ப்பார்கள். நான் மட்டும் அந்தப் பொத்தானை மூன்று தடவை அழுத்திக்கொண்டிருப்பேன்.

எங்களுக்கு ஒரே மகள். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது தூங்கவே மாட்டாள். இவர் அவளுக்காக ஒரு பாட்டுக் கட்டினார். சரணத்தில் ஒரு உச்சி வரும். அந்த இடம் வரும்போது அவளைத் தலைக்குமேல் தூக்குவார். தூங்கவைக்கக் கட்டிய பாட்டில் இப்படியொரு இடத்தை வைத்தால் பிள்ளை எங்கே தூங்கும்? கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டு மறுபடியும் தூக்கச் சொல்லிக் கையை நீட்டும். அந்தப் பாட்டை அவர் வெளியே எங்கும் பாடியதில்லை. "இது இவளுக்க கல்யாணத்துக்குள்ளது" என்பார். அவள் பள்ளிக்கூடம் போகும் காலத்திலிருந்தே இதுதான் பேச்சு.

போன வருடம் அவள் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் சபையில், எங்கள் கோவிலில். சர்ச்சை நாங்கள் கோவில் என்றுதான் சொல்வோம். தாலி கட்டி முடித்து, மணமக்கள் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் நேரத்தில் அப்பா அந்தப் பாட்டைப் பாடுவார் என்று முடிவாயிற்று. நான் மணப்பெண்ணின் அம்மா, அன்றைக்கு வாசிக்க முடியாது, முன்வரிசையில் உட்கார வேண்டும். புதுக்கடையில் ஒரு பாட்டு டீச்சர் இருக்கிறாள், எனக்குச் சிநேகிதி. அவளை வாசிக்கக் கூப்பிட்டோம். அதற்கு முன் அவள் எங்களுக்கு வாசித்ததில்லை. அவளுக்காக ஒரு நோட்டு முழுக்க எழுதிக் கொடுத்தேன். எந்தப் பாட்டுக்கு என்ன தாளம், எவ்வளவு வேகம், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எல்லாம்.

அந்த இரண்டு மாதமும் இவர் விடியற்காலையில் நடக்கப் போனார். சர்க்கரைக்கு நல்லது என்று நானும் விட்டுவிட்டேன். பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிற பெண் ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தாள்.

"எக்கா, அண்ணன் ரப்பர் மரத்துக்கு இடையில நின்னு கையைத் தூக்கிட்டு ஜெபம் பண்ணுதாரு. நல்ல சத்தமான ஜெபமாக்கும்."

மகளை அனுப்பப் போகிற தகப்பன், மனசு கனத்திருக்கும், தனியாக நின்று ஜெபிக்கட்டும் என்று நினைத்தேன். எனக்கே கண் கலங்கிவிட்டது. அன்றைக்குக் கஷாயத்தில் கொஞ்சம் பனங்கற்கண்டு கூடுதலாகப் போட்டேன்.

கல்யாண நாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மணப்பெண்ணை முன்னால் இருந்து பார்த்தேன். அவர் மகளைக் கைபிடித்து நடத்திக் கூட்டிவந்தார். நான் அழவில்லை, நுழைவு இசை கொஞ்சம் வேகமாக ஓடுகிறதே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். தாலி கட்டியாயிற்று. போதகர் ஆசீர்வாதம் சொன்னார். பிள்ளைகள் கையெழுத்துப் போட மேசைக்குப் போனார்கள். இவர் எழுந்து மைக்குக்கு முன்னால் போய் நின்றார். டீச்சர் முன்னிசையை எடுத்தாள்.

முதல் விரல் விழுந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு கட்டை. நிஜமான இரண்டு கட்டை.

நோட்டில் எல்லாம் எழுதினேன், மைனஸ் மூன்றை எழுதவில்லை! இத்தனை வருடம் யாருக்கும் தெரியாமல் மறைத்து மறைத்து, தெரிய வேண்டியவளிடம் சொல்லவும் மறந்துவிட்டேன். இவர் பல்லவியைத் தொடங்கிவிட்டார். பல்லவி தாழ்ந்த இடத்தில்தான் இருக்கும், அதில் ஒன்றும் ஆகாது. சரணத்துக்குப் போனால் உடையும். மகளின் கல்யாணத்தில், சபை முழுக்க உட்கார்ந்திருக்கும்போது, அந்தப் பாட்டில் உடையும். அதற்குப் பிறகு இந்த மனுஷன் பாடவே மாட்டார்.

எழுந்துவிட்டேன். மணப்பெண்ணின் அம்மா பட்டுப்புடவை சரசரக்க நடுக் கோவிலில் நடந்து போகிறாள். வீடியோக்காரர் ஏதோ பாச நிகழ்ச்சி என்று நினைத்து விளக்கை என்மேல் திருப்பினார். நேராகக் கீபோர்டுக்குப் போய் அந்தப் பொத்தான்மேல் விரலை வைத்தேன். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் இடையிசை ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் அழுத்திவிட்டால் போதும். சுருதி சட்டென்று இறங்குவது எல்லாருக்கும் கேட்கும், கேட்கட்டும்.

டீச்சர் வாசித்துக்கொண்டே குனிந்து சொன்னாள்.

"எக்கா, தொடாண்டாம். வீட்டுக்காரி எப்பவும் மூணு குறைச்சு வைப்பா, இன்னைக்கு மட்டும் அத தொடப்பிடாதுன்னு அண்ணன் நேத்தே சொல்லியிருக்காரு."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அவரைப் பார்த்தேன். மைக்கைப் பிடித்தபடி திரும்பி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை லேசாக ஆட்டினார், வேண்டாம் என்று. ஏழெட்டு வருடமாக ஒவ்வொரு கல்யாணத்திலும் "ரெண்டு கட்டைதானே" என்று கேட்ட அதே முகம். எனக்கு வந்த கோபத்துக்கு மைனஸ் பத்துவரை அழுத்தியிருப்பேன். விரலை எடுத்தேன்.

சரணம் வந்தது. படிப்படியாக ஏறினார். அந்த இடம் வந்ததும் அவருடைய வலது கை தானாக மேலே போனது, தலைக்குமேல், குழந்தையைத் தூக்குகிற மாதிரியே. சுரம் வந்தது. மெலிந்துதான் வந்தது, ஓரம் கொஞ்சம் கீறியிருந்தது, ஆனால் வந்தது, நின்றது. பதிவேட்டின்மேல் குனிந்திருந்த மகள் பேனாவும் கையுமாக நிமிர்ந்தாள். அவள் சிரித்ததைப் பார்த்தேன். கைக்குழந்தையாக இருந்தபோது சிரித்த அதே சிரிப்பு, பல் மட்டும் கூடுதல்.

அந்த வரியை இரண்டாம் முறை பாடும்போது குரல் உடைந்தது, நன்றாகவே உடைந்தது. யாரும் சிரிக்கவில்லை. அவர் கையை இறக்கவும் இல்லை. நான் கீபோர்டுக்குப் பக்கத்தில் நின்று பட்டுப்புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தேன். அது வீடியோவில் இன்றைக்கும் இருக்கிறது.

அன்று நாங்கள் முதல் பந்தியிலேயே உட்கார்ந்தோம். பப்படம் மொறுமொறுவென்று இருந்தது. சோற்றைப் பிசைவதற்குள் கேட்டுவிட்டேன்.

"உள்ளதா சொல்லுங்க. எப்பம் தெரியும்?"

"மொதல்லேயே. நீ ஒண்ணு குறைச்ச அன்னைக்கே."

"அந்த நோட்டை வச்சு நான் மறைச்சது?"

"கீபோர்டு உனக்க கீபோர்டு. தொண்டை எனக்க தொண்டைல்லா?"

"பின்ன எதுக்கு ஒவ்வொரு தடவையும் ரெண்டு கட்டையான்னு கேட்டீங்க?"

"நீ ஆமான்னு சொல்லுவியே, அதுக்காக்கும். அத கேட்டாத்தான் எனக்குத் தைரியம்."

பருப்பைப் பிசைந்துகொண்டே சொன்னார். நான் அவருடைய இலையிலிருந்து ஒரு பப்படத்தை எடுத்து நொறுக்கினேன். அவரே தொடர்ந்தார்.

"இந்தப் பாட்டை மட்டும் குறைக்கக் கூடாது பிள்ளே. மூணு குறைச்சா, அவளை இடுப்பு உயரத்துக்குத் தூக்கின மாதிரி ஆயிரும். அதுக்காக்கும் ரெண்டு மாசம் ரப்பர் தோட்டத்துல போயி நின்னு கத்தினது."

ஜெபம் என்று நினைத்து நான் அழுததை அவரிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. எனக்கும் ஏதாவது ஒரு ரகசியம் மிச்சம் இருக்கட்டும்.

மகள் மாப்பிள்ளையோடு போய்விட்டாள். அடுத்த வாரமே குளச்சலில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். கீபோர்டை விரித்தேன், வழக்கம்போல் மூன்று தடவை அழுத்தினேன், வழக்கம்போல் நோட்டைத் திரைமேல் சாய்த்தேன். அவர் மைக்கைத் தட்டிப் பார்த்தார். திரும்பினார். அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். மைக் திறந்திருந்தது. கோவில் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"இன்னைக்குத் தொண்டை கொஞ்சம் மோசமாக்கும் பிள்ளே. மூணு காணாது, நாலு வையி."

நான்காவது முறை அழுத்தினேன். பிறகு நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.