மூன்றடி நாலங்குல மெழுகுதிரி

2024 ஜூன் 15, சனிக்கிழமை, காலை ஒன்பது நாற்பது. தூறல், பதின்மூன்று பாகை செல்சியஸ் குளிர். மகளும் ஐந்து வயதுப் பேத்தியும் நானும் அவர்கள் வீட்டருகே பஸ்ஸுக்கு நின்றோம். கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்தது அதன் முதுகில் முட்டிக்கொண்டு வரும். இந்த ஆங்கில நாட்டுப்புறத்தில் சனிக்கிழமைக்கு மொத்தமே நான்கு; ஞாயிற்றுக்கிழமை ஒன்றுமே இல்லை. என் கையில் புறக்கோட்டையில் வாங்கிய பிவிசி குழாய். அதற்குள் மெழுகுதிரி.

பேத்தி பிறந்ததும் பதினொரு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். என் மனைவி கொழும்பில், கொட்டாஞ்சேனை வீட்டில் இருந்தபடியே அந்தோனியாருக்கு நேர்ச்சை வைத்தாள்: பிள்ளை பிழைத்தால், அவள் வாழும் ஊர்க் கோயிலிலேயே அவளுடைய உயரத்துக்கு ஒரு திரி. பிறகு கொரோனா வந்தது. பிறகு நாட்டில் காசே இல்லாத காலம். அதன்பின் மனைவியின் முழங்கால் விமானம் ஏற மறுத்துவிட்டது. என்னை நம்பித் திரியைக் கொடுத்தனுப்பினாள். திங்கட்கிழமை நான் திரும்ப வேண்டும். இந்தச் சனிக்கிழமை ஏற்றாவிட்டால் நேர்ச்சை அப்படியே நின்றுவிடும் என்ற பயத்தில் இரவு நான் சரியாகத் தூங்கவில்லை.

"அப்பா, இஞ்ச சேர்ச்சுக்குள்ள இவ்வளவு பெரிய திரி கொளுத்த விடமாட்டினம். அலாம் அடிச்சா ஊரே ஓடி வரும்" என்றாள் மகள்.

"வரட்டுமே. பூசைக்கு ஆள் சேரும்."

பஸ் எங்களைக் கோயில் வாசலிலேயே இறக்கியது. கோயில் பூட்டிக் கிடந்தது! திறப்பு வைத்திருக்கும் பெண்மணி பக்கத்துப் பழைய துறவிமடத்தில் நுழைவுச்சீட்டு விற்கிறார், மூன்று மணிக்குத்தான் வருவார் என்று கதவில் எழுதியிருந்தது. எனக்கு இரத்த அழுத்தம் ஏறியது. மூன்று மணிவரை வாசலில் காத்திருப்பதா? ஆட்டு மந்தைக்கு நடுவே வயல் பாதையால் மடத்துக்கே போனோம்.

அந்த இடத்தைக் கண்டதும் திரியைக்கூடச் சற்று மறந்துபோனேன். கூரையே இல்லாத பிரமாண்டமான கோயில். தரை முழுக்கப் பச்சைப் புல். பக்கத்துக்கு ஒன்பதாகப் பதினெட்டுத் தூண்கள்; அவற்றில் பதினொன்று இன்னும் வானத்தைத் தாங்கி நிற்கின்றன. எதிர்க் குன்றில் ஒரு கோட்டையின் கோபுரம். பாடப்புத்தகத்தில் கறுப்பு வெள்ளைப் படமாகப் பார்த்தவை எல்லாம் மழையில் நனைந்தபடி என் முன்னால் நின்றன. இடுப்பு வலியோடு அங்குமிங்கும் ஓடினேன்.

சீட்டு விற்ற பெண்மணிக்கு எழுபது வயதிருக்கும். குழாயைப் பார்த்து, தூண்டிலா என்று கேட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். மகள் வெட்கத்தில் ஆடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெண்மணியோ என் கையைப் பிடித்து இழுக்காத குறையாக, உடைந்த ஒரு கற்பீடத்தருகே கூட்டிப்போனார். முன்பு அங்கே ஒரு புனிதரின் கல்லறை இருந்ததாம். நோயாளிப் பிள்ளையை நூலால் அளந்து, அந்த நூலையே திரியாக்கி, மெழுகுதிரி வார்த்துக்கொண்டு தாய்மார் அங்கே வருவார்களாம். பிறகு ஒரு ராசா மடத்தை இடித்ததோடு எல்லாம் போயிற்றாம்.

"கேட்டியா! கேட்டியா! எங்கட வழக்கம்!" என்று கூவினேன்.

"ஓம் அப்பா, ஓம். கத்தாதீங்க, ஆடெல்லாம் பாக்குது."

மூன்று மணிக்குப் பெண்மணியே எங்களோடு நடந்து வந்து கோயிலைத் திறந்தார். குழாயிலிருந்து திரியை எடுத்தேன். கீறல்கூட இல்லை. பேத்தியைச் சப்பாத்துக் கழற்றவைத்துப் பக்கத்தில் நிறுத்தினேன். அவள் தலை திரிக்கு மேலே நின்றது! ஒன்றரை அங்குலம். மாசியில் வீடியோ அழைப்பில் மகள் நாடா பிடிக்க, மனைவி பார்த்துச் சொல்ல, நான் எழுதிய அளவுக்கு வார்ப்பித்த திரி. பிள்ளை வளர்வாள் என்பதை நானும் யோசிக்கவில்லை, மனைவியும் யோசிக்கவில்லை.

"நான் குனிஞ்சு நிக்கட்டா, அம்மப்பா?" என்றாள் பேத்தி.

மகள் கொட்டாஞ்சேனைக்கு அழைப்பெடுத்தாள். திரையில் மனைவியின் நெற்றி மட்டும் தெரிந்தது.

"பிள்ளை வளர்ந்தது நல்லதுதானே," என்றாள். "ஆனா நேர்ச்சையில குறை வைக்கேலாது. ஏதாவது செய்யுங்கோ. இவ்வளவு படிச்ச மனுசன், அங்குலக் கணக்குப் பிழைச்சிட்டீங்களே!"

"அளந்தது நீ."

"எழுதினது நீங்க."

மகள் இதை மொழிபெயர்த்ததும் பெண்மணி சிரித்துக்கொண்டே உள்ளே போனார். பீடத்தில் எரிந்து மிஞ்சிய ஒரு தடித்த திரித் துண்டோடு வந்தார். அதில் இரண்டு அங்குலம் வெட்டி, மெழுகை உருக்கி, எங்கள் திரியின் அடியில் ஒட்டினார். தீயணைக்க வைத்திருந்த மணல் வாளியில் அதை நட முன்னர் இரண்டு தடவை அளந்தேன். இப்போது அரை அங்குலம் கூடுதல்.

"அது அந்தோனியாருக்கு வட்டி," என்றாள் மனைவி.

பேத்தி கொளுத்தினாள். அலாரம் அடிக்கவில்லை. சுடர் நேராக எழுந்து நின்றது. வெட்கப்பட்ட மகள்தான் முதலில் முழந்தாளிட்டாள். அவள் கையிலிருந்த தொலைபேசிக்குள் மனைவி செபம் சொல்வது கேட்டது. நாலு ஐம்பதுக்குக் கடைசி பஸ் என்று நான் பதறியபோது, மீதியைத் தினமும் கொஞ்சமாக ஏற்றி முடிப்பேன் என்று பெண்மணி வாக்குக் கொடுத்தார். காசு வாங்க மறுத்தார். உண்டியலில் ஐந்து பவுண்ஸ் போட்டேன்.

அன்றிரவு கணக்கெழுதினேன்: திரியும் குழாயும் ஐயாயிரத்து ஐம்பது ரூபாய். பஸ், நுழைவுச்சீட்டு, உண்டியல் முப்பத்துநான்கு பவுண்ஸ். அன்றைய மாற்று விலையில் எல்லாமாகப் பதினெட்டாயிரத்து நூற்று நாற்பது ரூபாய்.