கிணற்று மூச்சு

கப்பல் இன்று ஒரு நாள் அந்தமானில் நிற்கிறது. கப்பல் நர்ஸான நான், பவளப்பாறை பார்க்கக் காற்று சிலிண்டரோடு கடலில் இறங்குகிறேன். இரண்டு முறை இறங்கியும், பயிற்சி தரும் அக்கா என்னை மேலே கொண்டுவந்துவிடுகிறார்.

"மூச்ச அடக்காதம்மா, நுரையீரல் கிழிஞ்சிடும். எந்த ஊரு நீ?"

"உத்திரமேரூர் பக்கம்க்கா. கெணத்துல நீஞ்சிக்கினு வளந்தவ. தண்ணில முங்குனாவே மூச்சு தானா நின்னுடுது, நான் இன்னா பண்றது?"

"இது கெணறு இல்ல, தாயே! இன்னொரு தரம் அடக்கினா படகுலதான் உக்காரணும்."

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள், படகில் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவதா? வாயில் குழாயைக் கடித்தபடி ஏழாம் வாய்ப்பாட்டை முனகிக்கொண்டே இறங்குகிறேன். முனகும்போது மூச்சை அடக்க முடியாது. குமிழிகள் விடாமல் மேலே போகின்றன. ஏழெட்டு ஐம்பத்தாறில், பச்சை நிற மீன்கள் பவளத்தைக் கொறிக்கும் சத்தம் கேட்கிறது. என் தோளைப் பிடித்திருந்த கையை அக்கா எடுக்கிறார்.